இன்னும் முழுகாமல்

அத்தியாயம் 9

போன வாரம் பூவிழியை நீச்சல் குளத்தின் படிக்கட்டில் அழவிட்டுவிட்டு முடித்திருந்தேன். 'ஒரு பெண்ணை இந்தப் பாடு படுத்துவீர்களா?' என்று ஆளாளுக்குத் திட்டியிருக்கிறீர்கள்.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்த வாரத்தையும் படித்துவிட்டுத் திட்டுங்கள். இது அதைவிட மோசம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். பூவிழி பெரம்பலூரில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். புருஷன் கோகுலகிருஷ்ணன் சிங்கப்பூரில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான், சாப்பிடுவான், தூங்குவான், போய்விடுவான். குழந்தை இல்லை. குறை பூவிழியிடம்தான் என்று மாமியார் சாந்தா எப்போதோ தீர்ப்புச் சொல்லி, அதைத் தெருவுக்கும் சொல்லிவிட்டாள்.

இந்தத் தடவை கோகுல் லீவு முடிந்து கிளம்பியதுமே, 'புவனேஸ்வரிக்குக் கால் சுளுக்கு' என்று சாந்தா அரியலூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் தனியாக இருந்த அந்த ஆறு வாரத்தில்தான் பூவிழி எளம்பலூர் ரோட்டிலுள்ள பெரியவர்களுக்கான நீச்சல் குழுவில், பெண்கள் பேட்ச்சில் சேர்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. முதுகுவலிக்கு நல்லது என்பது ஒரு சாக்கு. தண்ணீரில் நிற்கும் அந்த ஒரு மணி நேரம் அவள் வயிற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதுதான் நிஜம்.

அங்கேயும் விட்டார்களா?

கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்க வந்தது. மிதக்கக்கூட வந்தது. தலையைத் தண்ணீருக்குள் விட மட்டும் வரவில்லை, அத்தனை பயம். பயிற்சி கொடுக்கும் வளர்மதி மேடம் ஒருநாள் கரையிலிருந்து கத்தினாள், "என்ன பூவிழி, எல்லாரும் முழுகியாச்சு. நீ மட்டும் இன்னும் முழுகாமயே இருக்க!"

நம் பக்கத்தில் முழுகாமல் இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளை என்று அர்த்தம். குளம் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து பேட்ச்சுக்கே அது விளையாட்டுப் பேச்சாகிவிட்டது. போன வியாழக்கிழமை ஹார்டுவேர் கடைக்கார அம்மாள் ஒருத்தி, "முழுகாம இருக்கியேடி, எத்தனை மாசம்?" என்று கேட்டுத் தண்ணீரை அள்ளி வயிற்றில் அடித்தாள். அவளுக்குப் பூவிழியின் கதை தெரியாது. தெரியாமல் குத்தினாலும் குத்து குத்துதான்.

அழுதுகொண்டே வெளியே வந்தவள் அதற்குப் பிறகு போகவில்லை. அன்று சாயங்காலமே சாந்தாவும் அரியலூரிலிருந்து திரும்பிவிட்டாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

பூவிழி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போன் கீழே பிரிட்ஜ் மேல் கிடந்து அடித்தது. மருமகள் போனை எடுப்பதில் சாந்தாவுக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

"ஹலோ, பூவிழி இருக்காங்களா?"

"மாடியில இருக்கா. நீங்க யாரு?"

"வளர்மதி மேடம்னு சொல்லுங்க, தெரியும். நீங்க அவங்க அம்மாவா?"

"மாமியாரு."

"நல்லதாப் போச்சு. மூணு நாளா ஆளையே காணோம், அதான் கூப்பிட்டேன். ஆறு வாரம் ஆயிடுச்சும்மா, இன்னும் முழுகாமயே இருக்காங்க. ரொம்பப் பயப்படுறாங்க. மொத தடவன்னா யாருக்கும் பயம் இருக்கறதுதான். நீங்களாவது தைரியம் சொல்லுங்க."

சாந்தா பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சொன்னீங்க?"

"முழுகாம இருக்காங்கன்னேன்மா. நாளைக்குக் காலைல கண்டிப்பா வரச் சொல்லுங்க. வெறும் வயித்துல வரணும். நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்."

போன் வைக்கப்பட்டது. வளர்மதியைக் குறை சொல்லாதீர்கள். குளத்தில் எல்லாரும் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவள் வாயில் பழகிப் போயிருந்தது. சாந்தாவையும் இந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. மேடம், ஆறு வாரம், முதல் தடவை, வெறும் வயிறு. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

பூவிழி காலி வாளியோடு இறங்கி வந்தபோது சாந்தா படிக்கட்டின் அடியில் நின்றாள்.

"வாளிய வைடி கீழ!"

பூவிழிக்குத் திக்கென்றது. நீச்சல் விஷயம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பக்கத்து வீட்டு மருமகள் நைட்டியோடு கோலம் போட்டதற்கே ஒரு வாரம் கரித்துக் கொட்டியவள் சாந்தா. முழங்காலோடு நிற்கும் நீச்சல் உடையில் மருமகள் தண்ணீரில் நின்றாள் என்று தெரிந்தால் என்ன ஆகும்?

சாந்தா வாளியைப் பிடுங்கித் தூர வைத்தாள். மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கண்ணு... ஏன் கண்ணு என்கிட்ட மறைச்ச?"

பதினோரு வருஷத்தில் சாந்தா அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பாள், 'இவளே' என்பாள். கோபம் வந்தால் வேறு ஒரு வார்த்தை சொல்வாள். அதை நான் எழுத வேண்டாம்.

"என்ன அத்தை மறைச்சேன்?"

"டாக்டரம்மாவே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. முழுகாம இருக்கியாமே! ஆறு வாரமாம்!"

"எந்த டாக்டரம்மா?"

"அதான், வளர்மதி மேடம்."

பூவிழிக்கு எல்லாம் புரிந்துபோனது. புரிந்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. மறு நிமிஷம் அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. போன வாரம்தான் வீட்டுக்கு விலக்காகி இருந்தாள், அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் கை போனது. அந்தக் கையை நினைத்தால் எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

"அத்தை, அது வந்து..."

"ஒண்ணும் பேசாத. மொத மூணு மாசம் பேச்சக் கொறைச்சுக்கணும். உக்காரு."

நாற்காலி வந்தது. தலைக்கு மேல் பேன் சுற்றியது. சாந்தா பூஜை மாடத்துக்கு ஓடினாள், திரும்பி வந்து திருநீறு பூசினாள், மூக்கைச் சிந்தினாள், மகளுக்குப் போன் போட்டாள்.

பூவிழி வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? பிள்ளை இல்லை என்று சொன்னால், பிறகு அந்த மேடம் யார் என்று கேள்வி வரும். நீச்சல் மேடம் என்று சொன்னால், யாரைக் கேட்டுப் போனாய் என்று கேள்வி வரும். இந்த வீட்டில் இரண்டுக்கும் தண்டனை உண்டு. ஒரே சமயத்தில் இரண்டையும் ஒப்புக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் போகட்டும் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரம் போவதற்குள் அரியலூர் பஸ் வந்துவிட்டது.

புவனேஸ்வரி கையில் மல்லிகைப்பூ, ஆப்பிள், ஒரு டஜன் கண்ணாடி வளையல். சுளுக்கிய காலில் ஆறு வாரம் படுத்திருந்ததாகச் சொல்லப்பட்ட நாத்தனார், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

"அண்ணி!" என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

நிஜ அழுகைதான். அதுதான் கொடுமை. இதே புவனேஸ்வரியின் வளைகாப்பில், எல்லாப் பெண்களும் வளையல் போட்ட பிறகு பூவிழியும் இரண்டு வளையலை எடுத்துக்கொண்டு போனாள். சபையில் அத்தனை பேர் பார்க்க, "நீங்க வேணாம் அண்ணி" என்று புவனேஸ்வரி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இப்போது அந்தக் கை பூவிழியின் கையைப் பிடித்து ஒவ்வொரு வளையலாக ஏற்றியது.

"சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும் அண்ணி. உள்ள புள்ள கேக்குமாம்."

"புவனா, நான் ஒண்ணு சொல்லணும்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்குக் காலைல நானும் கூட வரேன். அந்த மேடத்தப் பாத்து என்னென்ன சாப்பிடலாம்னு கேட்டுட்டு வந்துடலாம். ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

பூவிழி தலையைக் குனிந்து வளையலைத் திருகினாள்.

"கூச்சத்தப் பாரு அண்ணிக்கு," என்று புவனேஸ்வரி சிரித்தாள். சிரித்த வேகத்தில் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னாள், "நல்ல வேளைம்மா, மீன்சுருட்டிக்காரங்களோட இன்னும் தட்டு மாத்தல. மாத்தியிருந்தா எவ்ளோ அசிங்கம்!"

சாந்தா கண்ணைக் காட்டினாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"எந்த மீன்சுருட்டிக்காரங்க?" என்றாள் பூவிழி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாந்தா புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள். மறைக்க வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இனிமே என்ன ஒளிவு மறைவு. நம்ம கோகுலுக்கு மீன்சுருட்டியில ஒரு பொண்ணு பாத்தோம். மேகலான்னு பேரு. அப்பன் இல்லாத பொண்ணு, சொன்ன பேச்சு கேக்கும். வர்ற வெள்ளிக்கிழமை பேசி முடிக்கறதா இருந்துச்சு."

"ரெண்டாம் கல்யாணமா?"

"பின்ன? நானும் பதினோரு வருஷம் பொறுத்துட்டேன்டி. எனக்கும் ஒரு பேரன் பேத்தி வேணாமா? உன்ன ஒண்ணும் தொரத்திவிட்டிருக்க மாட்டோம். நீ பாட்டுக்கு இந்த வூட்டுலயே இருந்திருக்கலாம். அவ புள்ள பெத்தா நீ வளத்திருக்கலாம்."

"அண்ணி, உங்களுக்கும் அதுல ஒரு நிம்மதி," என்றாள் புவனேஸ்வரி. கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆறுதலாகச் சொன்னாள்.

பூவிழி கேட்டாள், "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அம்மா சொன்னா சரின்னுட்டான்."

சரி என்றுவிட்டான். லீவில் வந்திருந்தபோது இதே வீட்டில், இதே பேனுக்குக் கீழே, பூவிழி வைத்த கறிக்குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கிளம்பும்போது உடம்பைப் பார்த்துக்கொள் என்றான். அவன் போன மறுநாளே சாந்தா பையைத் தூக்கியது இதற்குத்தான்.

சாந்தா போனை எடுத்தாள். "இப்பவே சொல்லிடுறேன். அதுங்க பாட்டுக்கு ஜவுளி எடுத்து வச்சிடப் போவுதுங்க."

ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். மீன்சுருட்டியில் மேகலாவின் அம்மா எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"இங்க பாரும்மா, இனிமே அது வேணாம். எங்க மருமவ முழுகாம இருக்கா."

அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில், "சந்தோஷம்க்கா. ஆனா ஊருல எல்லார்கிட்டயும் சொல்லிட்டமே. எம்பொண்ணு வெளிய தல காட்ட முடியாதே" என்று அழுகை வந்தது.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? உம்பொண்ணுக்கு அதிர்ஷ்டம் இல்ல, அவ்ளோதான்," என்று சாந்தா வைத்துவிட்டாள். வைத்துவிட்டுப் பூவிழிக்கு ஓர் ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தாள்.

பூவிழி அந்தத் துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அடுத்த நிமிஷமே சாந்தா அதே நம்பருக்குத் திரும்பப் போன் போடுவாள். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவார்கள். மூலை அறையில் பூவிழியும் நடு அறையில் மேகலாவும் இருப்பார்கள்.

இந்த வீட்டில் அவளுக்கென்று மிச்சம் இருக்கும் ஒரே ஆள் கோகுல்தான். சரி என்று சொன்னவன்தான், அம்மா பிடுங்கலில் சொல்லியிருப்பான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், நீச்சல், வளர்மதி, அந்த வார்த்தை எல்லாவற்றையும். அவன் சிரிப்பான். சிரித்துவிட்டு அம்மாவைச் சரிக்கட்டுவான். அப்படித்தான் அந்தப் பைத்தியக்காரி நம்பினாள்.

சாயங்காலம் வழக்கம்போல் கோகுல் கூப்பிட்டான். சாந்தா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய் தம்பி, உக்காந்திருக்கியா? உக்காந்துக்கிட்டுக் கேளு. நீ அப்பா ஆவப் போறடா! பூவிழி முழுகாம இருக்கா!"

சாந்தா போனை உலுக்கிப் பார்த்தாள்.

"டேய்? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்மா." குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "யாரு சொன்னா?"

"டாக்டரம்மாவே சொன்னாங்கடா. ஆறு வாரம்."

"அம்மா... பூவிழிகிட்ட குடு. ஸ்பீக்கர அணைச்சுட்டுக் குடு."

"பாருங்க அவசரத்த!" என்று புவனேஸ்வரி அண்ணியின் கன்னத்தைக் கிள்ளினாள். "போங்க அண்ணி, ரூமுக்குப் போய்ப் பேசுங்க. நாங்க ஒட்டுக் கேக்க மாட்டோம்."

பூவிழி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, முதல்ல நான் சொல்றதக் கேளுங்க. இது ஒரு பெரிய கூத்து..."

"யாருது?"

"என்னது?"

"காது கேக்கலியா? யாருதுன்னு கேட்டேன்."

பூவிழிக்குப் புரியவில்லை. "நீங்கதானே லீவுல வந்துட்டுப் போனீங்க? ஏன் இப்படிக் கேக்குறீங்க?"

"எனக்குத்தான் புள்ள பொறக்காதேடி!"

கத்திவிட்டான். கத்திய பிறகு அவனே பயந்துபோனதுபோல் குரல் தாழ்ந்தது.

"காலேஜ் படிக்கறப்ப எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அதுல போயிடுச்சு. இங்க வந்த ரெண்டாவது வருஷமே டெஸ்ட் எடுத்துட்டேன். டாக்டர் சொல்லிட்டான், வாய்ப்பே இல்லன்னு. அப்பறம் எப்படிடி? சொல்லு, யாரு அவன்? கடையில கூட வேலை பாக்குறவனா?"

பூவிழி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டாவது வருஷம். அதற்குப் பிறகுதான் அவளைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் வயிற்றில் துளை போட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் கோயில் கல்தரையில் சோற்றைக் கொட்டிக் கையைப் பின்னால் கட்டி மண்சோறு சாப்பிட வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் வளைகாப்பில் கையை மறைத்தாள் புவனேஸ்வரி. ஒவ்வொன்றையும் அவள் அழுதுகொண்டே போனில் இவனிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இவன், 'அம்மா மனசு கஷ்டப்படாம நடந்துக்க' என்றான். எனக்கு டெஸ்ட் எடுத்தாச்சு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் இவன்தான் சொன்னான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பாள்.

"பேசுடி!"

"மீன்சுருட்டிப் பொண்ணுக்குச் சரின்னு சொன்னீங்களாமே?"

"அத எதுக்கு இப்ப..."

"சொன்னீங்களா இல்லியா?"

"அம்மா தொல்ல தாங்காம சொன்னேன்."

"அவளுக்கும் புள்ள பொறந்திருக்காது. அவளையும் மலடின்னு சொல்லியிருப்பீங்க. மண்சோறு திங்க வச்சிருப்பீங்க. அவளும் உங்ககிட்ட போன்ல அழுதிருப்பா. நீங்க கேட்டுக்கிட்டே இருந்திருப்பீங்க, இல்ல?"

அவன் குரல் கெஞ்சலாக இறங்கியது.

"பூவிழி... சரி, என்ன வேணா பண்ணு. அம்மாகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாத. ஊருல தல நிமிந்து நடக்க முடியாது."

அந்த இடத்தில் அவள் ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். நீச்சல். அந்த ஒரு வார்த்தையில் அவன் மார்பிலிருந்த நெருப்பு அணைந்துபோயிருக்கும். பிள்ளையும் இல்லை, எவனும் இல்லை, ஒரு பைத்தியக்காரக் குழப்பம் என்று அவன் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். வார்த்தை அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

அவள் அதைச் சொல்லவில்லை.

இத்தனை வருஷம் அவன் சொல்லாமல் இருந்தான் இல்லையா? இருக்கட்டுமே. அவனும் கொஞ்சம் கிடந்து வேகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்லவள் என்று நினைத்திருந்த வாசகர்கள் மன்னிக்கவும்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேங்க," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்க டிக்கெட்டப் போட்டு வாங்க. திருச்சியில எறங்கி நேரா வூட்டுக்கு வாங்க. உங்கம்மா முன்னாடி, உங்க தங்கச்சி முன்னாடி நின்னு கேளுங்க, யாருதுன்னு. எப்படி உன்னுது இல்லன்னு சொல்றன்னு உங்கம்மா கேப்பாங்க. அதுக்கும் நீங்களே பதில் சொல்லுங்க."

"பூவிழி, வேணாம்டி. பூவிழி..."

போனை வைத்தாள். கதவைத் திறந்தாள். ஒட்டுக் கேட்க மாட்டோம் என்றவர்கள் இரண்டு பேரும் வாசற்படியை ஒட்டி நின்றிருந்தார்கள். நல்ல வேளை, தேக்குக் கதவு. சாந்தாவின் கண்ணில் அப்படி ஒரு பூரிப்பு.

"என்னடி சொன்னான் எம்புள்ள?"

பூவிழி போனை மாமியார் கையில் கொடுத்தாள்.

"சந்தோஷத்துல அவருக்குப் பேச்சே வரல அத்தை," என்றாள்.